புடலைப் பந்தலும் ஒரு டென்னிஸ் வலையும்

போன வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஒழுகினசேரியில் என் வீட்டுப் புறவாசலில், புடலைப் பந்தலடியிலும் கிணற்றடியிலுமாக நான்கு பேர் நின்றுகொண்டிருந்தோம். நான், என் மனைவி உலகம்மை, என் மகள் செண்பகம் — அப்புறம் பூதப்பாண்டி ஆறுமுகம் பிள்ளை. பிள்ளை மட்டும் தலைக்கு மேலே கட்டியிருந்த வலையின் ஓர் இழையை இரண்டு விரலால் பிடித்து உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்...

அந்த இரண்டு விரலுக்கு நடுவில்தான் என் மகளின் கல்யாணம் இருந்தது.

ஒரு புடலைப் பந்தலுக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. அன்று காலை வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். வைகாசியில் ஒரு மழை பெய்ததும் உலகம்மை புறவாசலில் ஆறு புடலை விதை ஊன்றினாள். ஆறும் முளைத்தன. கொடி வீசி, கிணற்றுக் கயிற்றைப் பிடிக்கலாமா, துணி காயப்போடும் கொடியைப் பிடிக்கலாமா என்று தேட ஆரம்பித்தன.

“கேட்டியளா, ஒரு பந்தல் போடணும். ஆளைக் கூப்பிடுங்க” என்றாள்.

“ஆள் எதுக்குட்டி? நான் இருக்கேனே!” என்றேன்.

எங்கள் வீட்டில் எத்தனையோ காரியங்கள் இந்த ஒரு வாக்கியத்தில்தான் ஆரம்பமாகியிருக்கின்றன. முடிந்ததாக ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

பந்தல் போடுவது பெரிய வித்தையா என்ன? நாலு கால், மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பு, கொடி பற்றிக்கொள்ளக் கொஞ்சம் கயிறு. எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர்கள் அரை நாளில் போட்டுவிடுகிறார்கள். நான் போய்வந்தவன். போய்வந்தவன் மட்டுமா — இருபத்திரண்டு வருஷமாக அங்கேயே டிராயிங் மாஸ்டர்! ஆகவே மண்வெட்டியை எடுப்பதற்கு முன்னால் பென்சிலை எடுத்தேன். மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு படம். பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று ஒரு படம். கொடிக்குப் பச்சை, காய்க்கு வெளிர்ப் பச்சை, வானத்துக்கு நீலம். இதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை சரியாகப் போயிற்று.

உலகம்மை படத்தை வாங்கி, அடுப்பு வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள்.

“நல்லாட்டு இருக்கு. இதுல கொடி ஏறுமா?”

“பந்தல்லதான் ஏறும்.”

“அப்ப அந்தப் பந்தலைப் போடுங்க.”

போட்டேன். வேலியிலிருந்து பச்சைப் பூவரசங் கம்பு நாலு வெட்டிக் கால் நட்டேன். மேலே மூங்கில். மூங்கிலுக்கு நடுவே தென்னங்கயிறு, ஸ்கேல் வைத்து அளந்து கட்டம் கட்டமாக. அத்தோடு விட்டேனா? படத்தில் நாலு பக்கமும் அழகுக்குத் தொங்கல் வரைந்திருந்தேன். படத்தில் இருப்பது பந்தலில் இல்லாமல் போகலாமா? ஓலைக் கிடுகை நறுக்கிச் சுற்றிலும் கட்டித் தொங்கவிட்டேன். பார்க்கிறவர்கள், வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

ஆனி மாசம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஒரு காற்று வருமே... காற்றா அது? கட்டின வேட்டி இடுப்பில் இருக்கிறதா என்று வீடுவீடாக விசாரித்துக்கொண்டு வருகிற காற்று. என் பந்தலின் தொங்கலைக் கண்டது. கிடுகுக்குள் புகுந்தது. ஒரே தூக்கு. மூங்கிலும் கயிறும் கட்டமுமாக அப்படியே கிளம்பி, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குள் போய் இறங்கிவிட்டன. அவர்கள் மூன்று நாள் எங்கள் கிணற்றில் வந்து தண்ணீர் இறைத்தார்கள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

கால்கள் நாலும் நின்றன. நின்றது மாத்திரமா? பத்து நாளில் துளிர்த்துவிட்டன! வெட்டின பச்சைப் பூவரசை மண்ணில் நட்டால் துளிர்க்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். படம் வரைகிறபோது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். புடலைக் கொடி தரையில் சுருண்டு கிடக்க, பந்தல்கால் நாலும் இலைவிட்டுக் குடை பிடித்தன.

“கொடிக்குக் கம்பு நட்டியளா, கம்புக்குக் கொடி நட்டியளா?” என்றாள் உலகம்மை.

சட்டையை மாட்டிக்கொண்டு கோட்டாற்றுக்கு நடந்தேன். அங்கே சந்தைக்குப் பக்கத்தில் காதர் மீரான் கயிற்றுக் கடை வைத்திருக்கிறார். சொந்த ஊர் கொளச்சல். என்னிடம் படித்த ஒரு பையனின் தகப்பனார். பையனுக்குப் படம் வராது. அப்பாவுக்குப் பேச்சு நன்றாக வரும். என் கதையைச் சிரிக்காமல் முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்த பிறகு நன்றாகச் சிரித்தார்.

“காத்தை மறிச்சா அது சும்மா விடுமா வாத்தியாரே? அதுக்கு வழி விடணும். கயிறுக்கு ஏன் காசைக் கரியாக்குதீரு? வலை போடும். வலையில காத்து நிக்காது. கொளச்சல்ல எங்க மச்சான் வீட்டுல பழசு ஒண்ணு சும்மா கிடக்கு. கடலுக்கு ஆகாது. உம்ம புடலைக்கு ஆகும்.”

“மீன் வலையா?”

“பின்ன, கொளச்சல்ல முயல் வலையா கிடைக்கும்?”

“எங்க வீட்டுல சைவமாச்சே ஓய்...”

“புடலை என்ன, வலையில ஏறி மீனையா திங்கப் போவுது?”

வலையை அனுப்பிவைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் உலகம்மையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவள் சைவம் சாதாரணச் சைவம் இல்லை. முட்டைக்கோஸுக்கு எங்கள் வீட்டில் ‘கோஸ்’ என்று பெயர். முன்பாதியைச் சொன்னால் வாய் கொப்பளித்துவிட்டு வரச் சொல்வாள். மீன் கூடை தலையில் வைத்தவள் தெருவில் போனால், போய்த் திருப்பம் திரும்புகிற வரையில் அடுக்களைக் கதவைச் சாத்திவைப்பாள். அவளிடம் போய், கொளச்சலிலிருந்து மீன் வலை வருகிறது என்று எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை.

சாக்கில் கட்டி வண்டியில் வந்து இறங்கியது வலை. பனிச்சங்காய்ச் சாயம் ஏறி, நல்ல செங்காவி நிறம். “இது என்னது?” என்றாள். என் வாயில் அந்த நேரத்தில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். “டென்னிஸ் வலை. துரைமார் பந்தாடுத கிளப்புல பழசை ஏலம் போட்டான். வாங்கிட்டு வந்தேன்.”

“டென்னிஸ் வலை சிவப்பாவா இருக்கும்?”

“இங்கிலீஷ்காரன் சாயம்.”

அவள் ஜன்மத்தில் மீன் வலையைப் பார்த்ததில்லை. டென்னிஸ் வலையையும் பார்த்ததில்லை. இந்த இரண்டின் மேலேதான் என் இரண்டாவது பந்தல் நின்றது. பூவரசங் கால்களின் துளிரைக் கழித்துவிட்டு, மேலே புது மூங்கிலைக் கட்டி, வலையை இழுத்து விரித்தோம்.

‘தோம்’ என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கட்டியது செண்பகம். நான் குட்டை, முக்காலிமேல் ஏறினால்தான் கை எட்டும். அவள் என்னைவிட ஒரு சாண் உயரம். நின்ற இடத்திலிருந்தே மூங்கிலில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தாள். திடீரென்று கை நின்றது. முடிச்சு ஒன்றிலிருந்து நகத்தால் எதையோ சுரண்டி எடுத்து, உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினாள். வெயிலில் மினுமினுவென்று இருந்தது.

“அப்பா... டென்னிஸ் வலையில செதிள் இருக்கு.”

நான் அடுக்களைப் பக்கம் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். செதிளை மண்ணில் போட்டுக் காலால் தேய்த்துவிட்டு அடுத்த முடிச்சைப் போட ஆரம்பித்தாள். “அம்மைகிட்ட நீங்களே சொல்லிருங்க அப்பா” என்று மட்டும் சொன்னாள். சொல்கிறேன் மக்கா, சொல்கிறேன் என்றேன். எப்போது என்று நான் சொல்லவில்லையே!

செண்பகத்தின் உயரத்தைச் சொன்னேன் இல்லையா? அதுதான் வீட்டில் ஒரு வருஷமாக வியாகுலம். முதலில் வந்த மாப்பிள்ளை வீட்டார், “பொண்ணு கொஞ்சம் வளத்தி ஜாஸ்தி” என்று எழுதினார்கள். இரண்டாவது வந்தவர்கள், “பொண்ணு கொஞ்சம் படிப்பு ஜாஸ்தி” என்று சொல்லி அனுப்பினார்கள். வளர்ந்ததும் படித்ததும் அவள் செய்த குற்றமா? அவர்கள் எழுதின கடிதத்தை நான் கிழித்துப் போட்டேன். அவள் பொறுக்கி அடுப்பில் போட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது வந்ததுதான் பூதப்பாண்டி வரன். பையன் திருவனந்தபுரத்தில் சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம். ஆனி மாசம் வந்து பெண்ணைப் பார்த்தார்கள். வெற்றிலைத் தட்டை வாங்குகிறபோது பையன் செண்பகத்திடம், என்ன படிக்கப் பிடிக்கும் என்று கேட்டான். “கையில கிடைக்கிறதெல்லாம்” என்றாள். அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிறபோது அவள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். என் மகளுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இந்த இடம் தவறக்கூடாது என்று அப்போதே வேண்டிக்கொண்டேன்.

பையனின் தகப்பனார்தான் ஆறுமுகம் பிள்ளை. வந்தவர் வெற்றிலைகூடப் போடவில்லை. “ஆடி கழியட்டும். ஆவணியில நானே வந்து ஒரு வார்த்தை சொல்லுதேன்” என்று எழுந்துவிட்டார். அது வழக்கம்தான். சம்மதம் என்று ஆகிற வரையில் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்தால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். ஆனால் அவரைப் பற்றி ஊரில் கேட்டதுதான் என்னைப் பயமுறுத்தியது. வெளியூர் போனால் குடிக்கிற தண்ணீரைக்கூட மூக்கு வைத்த கிண்டியில் கையோடு கொண்டுபோவாராம். ஒரு வரனை, பெண் வீட்டு முற்றத்தில் பக்கத்து வீட்டுக் கோழி மேய்ந்தது என்பதற்காக வேண்டாம் என்றாராம்! உலகம்மைக்குக் கேட்டதும் ஒரே சந்தோஷம். “கொள்ளாமே! நமக்கேத்த சம்பந்தம்” என்றாள். எனக்குக் கண் முன்னால் வலைதான் தெரிந்தது.

ஆடியில் காற்று மறுபடியும் வந்தது. இந்தத் தடவை பந்தல் அசையவில்லை. காற்று வலையின் ஒரு கண்ணில் நுழைந்து இன்னொரு கண்ணில் போய்விட்டது. கொடி வலையெல்லாம் படர்ந்து, சாண் சாணாகப் பிஞ்சு இறங்கியது. நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள் செண்பகம், காய் சுருளாமல் நேராக இறங்குவதற்கு. நான் ஆசையில் ஒரு பிஞ்சைச் சுட்டிக் காட்டினேன். உலகம்மை பட்டென்று கையில் ஓர் அடி வைத்தாள். “விரலை நீட்டாதிய! பிஞ்சு அழுகிப்போகும். மடக்கிக் காட்டுங்க.” விரலுக்குப் பயப்படுகிற காய், வலைக்குப் பயப்படவில்லை பாருங்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று — பூனைகள் வருகிற வரையில்.

முதலில் ஒரு வெள்ளைப் பூனை. பிறகு அதற்கு வேண்டியவர்கள். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், ஏழு. பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து, அண்ணாந்து புடலங்காயைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

“டென்னிஸ் வலைக்குப் பூனைக்கு என்ன சோலி?” என்று கேட்டாள் உலகம்மை.

“அணில் வருதுல்லா, அதுக்காக.”

ஒரு சாயங்காலம் மழை தூறியது. ஈரம் பட்டதும் வலை தன் பூர்வீகத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. உலகம்மை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். “என்ன வாடை இது?” ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய் தயாராக நின்றது. “துரைமார் மீன் திங்கிறவனுவ இல்லியா? தின்ன கையோட பந்தாடியிருப்பான். பட்டிருக்கும்.”

“சவத்தைக் கழற்றி எறியுங்க!”

“கழற்றினா கொடி செத்துப்போகுமே உலகம்மை!”

காய்த்துத் தொங்குகிற கொடியை அறுக்க அவளுக்கு மனசு வரவில்லை. இரண்டு குடம் மஞ்சள் தண்ணீரைப் பந்தல்மேல் ஊற்றினாள். பறித்த காயை எனக்கு மட்டும் தனிச் சட்டியில் வைத்துக் கொடுத்தாள். நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். செண்பகம் அடுக்களை நடையில் நின்று என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அதற்கப்புறம் கூட்டு எப்படி இறங்கும்?

இந்த நிலைமையில்தான் போன வெள்ளிக்கிழமை ஆறுமுகம் பிள்ளை வந்தார். தனியாக. கையில் குடை, இன்னொரு கையில் கிண்டி. ஊரில் சொன்ன அதே கிண்டி! வந்தவர் கால் கழுவப் புறவாசலுக்கு வந்தார். பந்தலைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“அடடே... என்ன நீளம்! என்ன நீளம் மாஸ்டர்வாள்!” என்று மடக்கின விரலால் ஒரு காயைக் காட்டினார். உலகம்மை முகம் மலர்ந்தது. விரலை மடக்கத் தெரிந்த மனுஷன்! பிறகு அவர் திரும்பி, சர்வசாதாரணமாக, “அம்மாளு, இதுல ரெண்டு பறிச்சு ஒரு கூட்டு வையுங்க. சாப்பிட்டுட்டே போறேன்” என்றார்.

கேட்டீர்களா? சாப்பிட்டுவிட்டே போகிறேன்! கை நனைக்கிறேன் என்கிறார். சம்மதம் என்கிறார். கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த செண்பகத்தின் கை அப்படியே நின்றது. நான் சந்தோஷத்தில் துள்ளியிருக்க வேண்டும். ஆனால் உலகம்மை என்னைப் பார்த்தாள். துரைமார் கைபட்ட காயைச் சம்பந்திக்கு வைப்பதா என்று அவள் பார்வை. துரைமாராவது தேவலையே என்று என் மனசு.

“வேற காய் இருக்கு... நல்ல வழுதலங்காய்...” என்று இழுத்தேன்.

“இது ஆவாதா?” என்று கேட்டுக்கொண்டே பிள்ளை கையை உயர்த்தினார். காயைத் தொடவில்லை. வலையைத் தொட்டார். இரண்டு விரலால் இழையை உருட்டினார்.

“இது என்ன வலை மாஸ்டர்வாள்?”

உண்மையைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வந்தது பாருங்கள். நான் அதை எப்படி உபயோகித்தேன்? “டென்னிஸ் வலை” என்றேன். குரல் மட்டும் என்னுடையதாக இல்லை.

பிள்ளை வலையின் ஒரு கண்ணுக்குள் கையை நுழைத்தார். முழங்கை வரையில் போயிற்று. “டென்னிஸா? இந்தக் கண்ணுல பந்து நிக்குமா? பந்தடிக்கிற துரையே இதுல நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிருவானே!”

கையை வெளியே எடுத்து, மறுபடியும் இழையை உருட்ட ஆரம்பித்தார் — நான் முதலில் சொன்ன அந்த நிமிஷம். எனக்கு இன்னும் ஒரு பொய் வேண்டியிருந்தது. வந்துகொண்டேதான் இருந்தது. அதற்கு முன்னால் செண்பகம் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“மாமா, அது டென்னிஸ் வலை இல்லை. மீன் வலை. கொளச்சல்ல இருந்து வந்தது. நாந்தான் கட்டினேன். அம்மைக்குத் தெரியாது, அம்மையைக் குத்தம் சொல்லாதிய. கூட்டு வேண்டாம்னா வேண்டாம் மாமா. தெரியாம உங்க இலையில வைக்க எனக்கு மனசு வரல்ல.”

கண் கலங்கியிருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

உள்ளதைச் சொல்கிறேன் — எனக்குக் கோபம்தான் வந்தது. கைக்கு எட்டினதைத் தட்டிவிட்டாளே பாவி என்று. உனக்காகத்தானேடி பொய் சொன்னேன் என்று. பெருமைப்பட வேண்டும் என்பது எனக்கு ஞாபகம் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“சிவ சிவா!” என்றாள் உலகம்மை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். மயக்கம் போட்டுவிடுவாள் என்று நான் பிடிக்கப் போனேன். “அதானா... அதானா அத்தனை பூனையும்!” என்றாள்.

ஆறுமுகம் பிள்ளை எங்கள் மூன்று பேரையும் பார்க்கவே இல்லை. இன்னும் வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூங்கிலில் செண்பகம் போட்டிருந்த முடிச்சை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

“திருக்கை வலை” என்றார்.

“என்னது?”

“சாளை வலைன்னா விரல்கூட நுழையாது. இது திருக்கைக்குப் போடுத வலை, கண்ணு பெரிசு. காய் இறங்கித் தொங்கணும்னு பாத்துக் குடுத்திருக்கான். குடுத்தவன் விவரமானவன். பன்னிரண்டு வருஷம் மணக்குடி உப்பளத்துல கணக்கெழுதினவன் ஓய் நான். வாசப்படிக்கு வெளிய எங்க பாத்தாலும் வலைதான். தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு.”

ஓய்! அதுவரை மாஸ்டர்வாள் என்றவர், ஓய் என்கிறார்! எனக்கு அர்த்தம் புரியவில்லை. கோபமா, உறவா?

“அப்ப... கோழி மேஞ்ச வீடுன்னு ஒரு வரனை...” என்று உளறிவிட்டேன்.

“கோழிக்கா? அந்த வீட்டுக்காரன் என்கிட்டப் பையனுக்கு என்ன சம்பளம்னு ஏழு தடவை கேட்டான். அதைச் சொல்லிக்கிட்டா இருக்க முடியும்? பழியைக் கோழி மேலே போட்டேன்.” பிறகு செண்பகத்தின் பக்கம் திரும்பினார். “மக்கா, அந்தக் கல்லு கட்டியிருக்கே, அதுக்கு இந்தப் பக்கத்துல ரெண்டு காய் முத்தாம இருக்கு பாரு. அதைப் பறி. உனக்குத்தான் எட்டும்.”

செண்பகம் கையை உயர்த்திப் பறித்தாள். முக்காலி இல்லாமல்.

உலகம்மை கூட்டு வைத்தாள். எந்தச் சட்டியில் வைப்பது என்று அடுக்களைக்குள் கொஞ்ச நேரம் ஒரு தேவாசுர யுத்தமே நடந்தது. பாத்திரச் சத்தம் வெளியில் கேட்டது. கடைசியில் நல்ல சட்டியிலேயே வைத்தாள். ஆறுமுகம் பிள்ளை கிண்டித் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துவிட்டு — பூதப்பாண்டித் தண்ணீர்தான் அவருக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமாம் — இலையில் உட்கார்ந்தார். கூட்டை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பன்னிரண்டு வருஷம் கடற்கரையில் இருந்தபோது என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்கிற நிலைமையிலா நான் இருந்தேன்?

உலகம்மை அன்று மோர்ச்சோறு மட்டும் சாப்பிட்டாள். செண்பகத்துக்குத் தன் கையால் கூட்டு ஊற்றினாள். எனக்கு ஊற்றவில்லை. எனக்குத் தனிச் சட்டி என்பது போய், நானே தனிச் சட்டி என்று ஆகிவிட்டது. இதை எழுதுகிற இன்றைக்கும் என்னோடு பேச்சு, ‘தண்ணி வச்சிருக்கு’, ‘சோறு ஆச்சு’ அளவில்தான் இருக்கிறது.

கிளம்புகிறபோது ஆறுமுகம் பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு, குடையை விரித்தார். தை மாசம் முகூர்த்தம் பார்க்கலாம் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருமுனை வரை கூடவே போனேன். வழியில் இரண்டு தடவை வலை விஷயத்தை எடுத்து, பாதியில் புடலங்காய் விலைக்குத் தாவினேன். அவரே நின்றார். என் தோளில் கையை வைத்தார்.

“ஓய், பொண்ணுல ஒரு குறையும் இல்லை. உம்மகிட்டதான் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும்.”

மூன்று வரன் வந்ததில், மாப்பிள்ளை வீட்டார் சரியான ஆளிடம் குறை கண்டது இதுதான் முதல் தடவை!